யாரோ ஊர்க்காரப் பொண்ணு

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை பிரின்சி பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே அவள் வாயில் டீ வந்துவிட்டது.

வெல்லம் போட்ட கறுப்பு டீ. பால் இல்லை. பற்பொடியின் காரத்தை மீறிக்கொண்டு அது நாக்கில் இறங்கியது. அண்ணன் எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள்.

பதினோரு மாதமாக இப்படித்தான். போன வருஷம் செப்டம்பரில், இடஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடந்த வாரத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் போன அண்ணன் மார்ட்டின் வீடு திரும்பவில்லை. சாலையெல்லாம் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் நடந்து வந்ததைப் பார்த்ததாக ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். அதற்கப்புறம் அவனைப் பார்த்தவர் இல்லை. ஏரி, கிணறு, ஆஸ்பத்திரி என்று தேடி ஓய்ந்தார்கள்.

அந்த வாரத்திலிருந்துதான் அவன் தின்பதெல்லாம் பிரின்சியின் வாயில் ருசிக்க ஆரம்பித்தது. அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். அம்மா அவளை மாதா கோயிலுக்கு இழுத்துப்போய் பங்குச் சாமியாரிடம் நெற்றியில் எண்ணெய் பூசச் சொன்னாள். அதோடு பிரின்சி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. சாமைச் சோறு, மரவள்ளிக் கிழங்கு, அப்புறம் நாக்கையே சுருட்டும் கடுக்காய் என்று ஒவ்வொன்றாய் வந்தது. ஆனி மாதத்திலிருந்து சாக்பீஸ் தூள். கூடவே காலையில் ஒரு கிள்ளு திருநீறு. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன மார்ட்டின் அண்ணன் வாயில் திருநீறு எதற்கு?

போன வாரம் சந்தையில்தான் துப்பு கிடைத்தது. கல்வராயன் மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டுவந்து விற்கிற பாப்பாத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: "எங்கூரு பள்ளிக்கூடத்துக்குப் புது வாத்தியாரு வந்துகிறாரு. ஓயாத இருமலு. எந்நேரமும் கடுக்காய மென்னுக்கினே பாடம் சொல்றாரு."

இன்றைக்கு பிரின்சி அந்த வாத்தியாரைப் பார்க்கப் போகிறாள்.

"எங்க கெளம்பிட்ட?" வாசலில் கொத்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா கேட்டார். பிலவேந்திரன் கொத்தனார் வேலை செய்கிறவர். மகன் போனதிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டார்.

"ஸ்பெஷல் கிளாஸ்ப்பா. பத்தாவதுக்கு சனிக்கெழமையும் வெக்கிறாங்க."

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். எதையோ கேட்க வந்தவர் கரண்டியை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "இன்னாத்துக்கு வெறும் வயித்தோட போற? ரெண்டு இட்லி தின்னுட்டுப் போ."

"பசிக்கல."

"பசிக்காது. இந்த வூட்ல யாருக்குத்தான் பசிக்குது?" என்றாள் ஆனந்தமேரி. அவள் குரலில் இப்போதெல்லாம் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. காய்ந்துபோன குரல். அலமாரியில் இருந்த அந்தோணியார் சொரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஆறு மாதம் ஆகிறது. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்காதவருக்கு முகம் எதற்கு என்று கேட்டாள்.

சொல்லிவைத்தபடியே பஸ்ஸில் பாப்பாத்தி ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். வடக்கனந்தல், கச்சிராயபாளையம், அணைக்கட்டு தாண்டி வண்டி மலை ஏறியது. வளைவுக்கு வளைவு பிரின்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்தவரை ருசியெல்லாம் வெந்நீரில் கரைத்த மாதிரிதான் வரும். ஏற ஏற அது கெட்டியானது. இருமலுக்காக அவன் வாயில் அடக்கியிருந்த கடுக்காய்த் துண்டு இவள் கடைவாயில் இருப்பதுபோலவே துவர்த்தது. தன்னையறியாமல் நாக்கால் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"தல சுத்துதா? எலுமிச்சம்பழம் மோந்து பாரு" என்றாள் பாப்பாத்தி. "அந்த வாத்தியாரு ஒனக்கு இன்னா வேணும்?"

"அவரு யாருன்னு பாத்துட்டு சொல்றேங்க்கா."

பஸ் நின்ற இடத்திலிருந்து அரை மைல் நடை. ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம். இரண்டே வகுப்பறைகள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாப்பாத்தி சந்தைக் கூடையோடு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். பிரின்சி ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.

முதலில் கண்ணில் பட்டது கரும்பலகைதான். மேல் மூலையில் அழகான எழுத்தில் எழுதியிருந்தது: வகுப்பாசிரியர், நா. மதியழகன்.

அந்த ழகரத்தின் வால் அவளுக்குத் தெரியும். அவளுடைய நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பேர் எழுதிக் கொடுத்த கை அது.

அவன் திரும்பினான். கறுத்து மெலிந்து, மீசை வைத்து, நெற்றி நிறையப் பட்டையாகத் திருநீறு. மார்ட்டின்தான்.

அவளைப் பார்த்தான். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. பிள்ளைகளைப் பார்த்து, "சொல்லிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பதினோரு மாதம். அவன் என்ன சொல்வான் என்று அவள் எத்தனையோ விதமாக நினைத்து வைத்திருந்தாள். அழுவான், கட்டிக்கொள்வான், அம்மா எப்படி இருக்கு என்று கேட்பான்.

அவன் பதற்றத்தோடு அவள் கழுத்தைப் பார்த்தான். "அந்த சிலுவைய உள்ள போடு" என்றான். "சீக்கிரம்."

அவள் கை தானாகச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளியது. அதற்குள் பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியர் வந்துவிட்டார். பின்னாலேயே ஆயம்மாள், சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள், இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். ஒன்று அவருக்கு, ஒன்று மார்ட்டினுக்கு.

அவன் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தான். பேச்சைத் தள்ளிப்போடத்தான் குடித்தான் என்று அவளுக்குப் புரிந்தது. அந்த ஒரு வாய் அவள் நாக்கைச் சுட்டது. வெல்லம், இஞ்சி, டம்ளரின் பித்தளை வாசம் எல்லாம் கொஞ்சமும் குறையாமல் வந்தது. அவன் எதிரே நின்று குடிக்க இவள் வாய் இனித்தது. கண்ணில் நீர் முட்டியது.

"யாருப்பா மதி, இந்தப் பொண்ணு?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

மார்ட்டின் விழுங்கினான்.

"யாரோ ஊர்க்காரப் பொண்ணு சார். எங்கப்பா நாராயணசாமி வூட்டுப் பக்கத்துல இருக்கிறவங்க. ஏதோ சேதி சொல்லி அனுப்பியிருக்காரு போல."

பிரின்சியின் வாயிலிருந்த இனிப்பு அந்த நிமிஷமே அறுந்துபோனது.

மெல்லக் குறையவில்லை. யாரோ கதவைச் சாத்தின மாதிரி ஒரே அடியாக நின்றுவிட்டது. மார்ட்டின் இன்னொரு வாய் குடித்தான். இவள் நாக்கில் ஒன்றும் இல்லை. இன்னொரு வாய். ஒன்றும் இல்லை. தொண்டையில் பஸ்ஸின் புழுதி மட்டும் இருந்தது.

"சரி, கூட்டிப்போய் பேசிட்டு அனுப்பு" என்றார் அவர்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மரவள்ளிக் கொல்லை. அதன் வரப்பில் இருவரும் நின்றார்கள்.

"எப்பிடி கண்டுபுடிச்ச?"

"நாராயணசாமி பெரியப்பா எப்பிடி உனக்கு அப்பா ஆனாரு? அத்த மொதல்ல சொல்லு."

அவன் செடியைப் பார்த்துக்கொண்டு பேசினான். "ஆதிதிராவிடர்ல இந்துன்னா எஸ்.சி. வேதக்காரன்னா, கிறிஸ்தவன்னா, பி.சி. நானும் நம்ம தெரு சேகரும் ஒண்ணா டிரெயினிங் முடிச்சோம். ரெண்டு பேரும் ஒண்ணா கரும்பு வெட்டனோம், ஒரே கொட்டாங்கச்சில டீ குடுத்தாங்க நமக்கு. அவன் வேலைல சேந்து ரெண்டு வருசம் ஆவுது. எனக்கு முன்னால எட்டாயிரம் பேரு நிக்கிறான்னு சொல்றாங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறதால என் மேல தீட்டு போயிடுச்சாம்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். பெரியப்பா மதம் மாறல. அவுருக்குப் புள்ள இல்ல. ஒரு புரோக்கர் அவுரு மவன்னு எல்லாத் தாளும் போட்டுக் குடுத்தான். மார்ட்டினு இருக்கிற வரைக்கும் மதியழகனுக்கு வேலை இல்லடி."

"மறியல் அன்னிக்கே முடிவு பண்ணிட்டியா?"

"இல்ல." அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். "வூட்டுக்குத்தான் நடந்தேன். ரோடு முழுக்க மரம். ஒவ்வொரு மரமா ஏறித் தாண்டினேன். ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்தி, நீ யாரு, எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அவங்க பங்க அவங்க கேக்கறாங்க, கேக்கட்டும். எனக்குன்னு கேக்க எந்தப் பக்கத்துலயும் ஒருத்தனும் இல்ல. மூணாம் நாளு கச்சிராயபாளையத்து ரோடு பிரியற எடத்துல நின்னேன். காலு மலைப்பக்கம் திரும்பிடுச்சி."

"அந்த மூணு நாளும் நீ கரும்புதான் தின்ன" என்றாள் பிரின்சி. "மூணாம் நாளு சேத்துத் தண்ணி குடிச்ச. தை மாசத்துல யாரோ ஒனக்கு ஆட்டுக்கறி போட்டாங்க, உப்பே இல்ல. போன மாசம் ஜுரத்துல ஒரு வாரம் கஞ்சி. எல்லாம் எனக்குத் தெரியும். எல்லாம் என் வாயில வந்துச்சி."

மார்ட்டினின் முகம் வெளுத்துவிட்டது. வரப்பிலேயே உட்கார்ந்தான். வெகுநேரம் இருமினான்.

"இப்பவும் வருதா?"

"நீ என்னை யாரோன்னு சொன்ன உடனே நின்னுபோச்சி."

அவன் கையிலிருந்த சாக்பீஸ் வெள்ளையை வேட்டியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அம்மா ஒனக்காகக் கெணத்துக்குக் கெணறு ஆள எறக்கித் தேடுச்சி. தெரியுமா ஒனக்கு? வெளில எங்க அழுகின பொணம் கெடைச்சாலும் ஓடிப்போய்ப் பாக்குது. இதுவரைக்கும் நாலு பொணம் பாத்துட்டுச்சி. ஒரு கடுதாசி போட முடியலையா ஒனக்கு?"

"போட்டா அம்மா சாமியாருகிட்ட சொல்லும். அவுரு நல்லவரு. ஆனா பொய் சொல்ல மாட்டாரு. அப்பாவும் அத்தயேதான் சொன்னாரு."

பிரின்சிக்கு முதலில் தப்பாகக் காதில் விழுந்துவிட்டது என்றுதான் தோன்றியது.

"எந்த அப்பா?"

"நம்ம அப்பா. பெரியப்பாகிட்ட விசாரிச்சி, தை மாசம் வந்தாரு. ஒரு ராத்திரி இங்கதான் படுத்தாரு. அவுருதான் கறி வாங்கியாந்து ஆக்கிப் போட்டாரு. உப்பு வாங்க மறந்துட்டாரு."

தை மாதத்தில் அம்மா மூன்றாவது பிணத்தைப் பார்க்க உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தாள். அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டார்.

மணி ஒன்றாகியிருந்தது. திரும்பும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மார்ட்டின் வேகவைத்த கிழங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். கொடுத்தவன் கையை எடுக்கவில்லை.

"என்மேல யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுட்டாங்க. ஆபீஸ்ல இருந்து விசாரணைக்கு வருவாங்க. போட்டோ காட்டிக் கேப்பாங்க. வேலை போனா மட்டும் பரவால்ல. புடிச்சி உள்ள போட்டுருவாங்க, பெரியப்பாவையும் சேத்து." நிறுத்தினான். "நீயும் அம்மாவும் ஆமான்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"அம்மாவுக்கே தெரியாதுன்னு சொல்ற. அப்புறம் அம்மா எப்பிடிப் பொய் சொல்லும்?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். பாடம் நடத்திக்கொண்டிருந்த அறையிலிருந்து ஒரு பிள்ளை, "மதி வாத்தியாரே!" என்று கூப்பிட்டது. அவன் திரும்பினான். அந்தப் பெயருக்கு அவன் எவ்வளவு சட்டென்று திரும்புகிறான் என்று பிரின்சி பார்த்தாள்.

பஸ்ஸில் கிழங்கைத் தின்றாள். கிழங்கு கிழங்காக மட்டும் ருசித்தது. பதினோரு மாதத்தில் முதன்முறையாக அவள் வாய் அவளுடையது மட்டுமாக இருந்தது. அதைவிட வெறுமையான வாயை அவள் அறிந்ததில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று கள்ளக்குறிச்சி வரும்வரை யோசித்தாள். சொன்னால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் அம்மா ஐந்தாவது பிணத்தைப் பார்க்கப் போவாள். முதலில் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

வெயில் சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது.

மடக்கு நாற்காலியில் பேன்ட் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பைல். அப்பா வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவர் போல, கையில் சிமெண்டு காய்ந்தபடி சுவரோரம் நின்றார். அம்மா நிலைப்படியில் நின்றாள்.

"உங்க பொண்ணா? நீயும் வாம்மா, நில்லு" என்றார் அவர். பேச்சில் மரியாதை இருந்தது. பைலைத் திறந்து ஒரு போட்டோவை எடுத்தார். "ஒரு புகார் வந்திருக்கு. இந்தப் போட்டோல இருக்கறது உங்க மகன் மார்ட்டினான்னு பாத்து சொல்லணும்."

ஆனந்தமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போட்டோவை வாங்கினாள்.

பிரின்சி அம்மாவின் வாயையே பார்த்தாள். 'ஆமா, என் புள்ளதான், உசுரோட இருக்கானா' என்று அம்மா கத்தப்போகிறாள். நாலு பிணங்களின் முகத்துணியை விலக்கிப் பார்த்த பெண் வேறு என்ன செய்வாள்?

அம்மா போட்டோவை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து போட்டோவின் மேல்பக்கத்தில், நெற்றி இருக்கும் இடத்தில் படிந்தது. விபூதியை மறைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ஸ்கூட்டர் இன்ஜின் ஆறும் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது.

"இந்தப் புள்ள இன்னா பண்ணுது?" என்று கேட்டாள்.

"வாத்தியாரா இருக்கார். எஸ்.சி. கோட்டாவுல. உங்க மகன்னு நிரூபணம் ஆனா வேலை போயிடும். கேஸும் ஆகும்."

அம்மா தலையசைத்தாள். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது எம் புள்ள இல்லைங்க."

"நல்லா பாத்து சொல்லுங்கம்மா."

"பெத்தவளுக்கு மூஞ்சி மறந்துபூடுமா? எம் புள்ள போன வருசம் மறியல்ல போயிட்டான்."

"போயிட்டான்னா? காணோமா, செத்துட்டாரா? எனக்கு ஏதாவது ஒண்ணு எழுத்துல வேணும்."

ஒரு தாளும் பேனாவும் நீட்டினார். ஆனந்தமேரி கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். நாற்காலியின் கையில் தாளை வைத்துக் குனிந்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்தாள். என் மகன் மார்ட்டின் இறந்துவிட்டான். கீழே கையெழுத்துப் போட்டாள். 'இறந்துவிட்டான்' என்பதில் ற போட்டிருந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

அவர் தாளை வாங்கிப் படித்தார். "நீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தலையை ஆட்டினார். அது எதற்கான ஆட்டல் என்று யாருக்கும் தெரியாது. வந்தவர் எழுதிக்கொண்டார்.

"திங்கக்கிழமை கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் புத்தகத்தையும் பாக்கணும்மா. உங்க மகனோட விவரம் அதுல இருக்குமில்ல. சாமியார்கிட்டயும் இந்தப் போட்டோவக் காட்டி ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." ஸ்கூட்டரை உதைத்தார். போனார்.

சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பிறகு ஆனந்தமேரி கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, காணாமப் போன புள்ள போட்டோன்னு ஒருத்தர் கொண்ணாந்து காட்டறாரு. நீங்க ஏன் அத்த வாங்கிப் பாக்கல?"

பிலவேந்திரன் கையில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

"எத்தினி மாசமா?"

"மேரி..."

"நான் பொணம் பாக்கப் போவும்போதெல்லாம் நீங்கதானே பஸ்ஸு ஏத்திவுட்டீங்க?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தினார். அம்மா அவரைத் தாண்டி பிரின்சியைப் பார்த்தாள். அவள் செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்தாள். பிறகு முகத்தை.

"நீயும்தான் எட்டிப் பாக்கல" என்றாள்.

பிரின்சிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. இன்றைக்குத்தான் தெரியும் என்று சொல்லலாம். உனக்குத்தான் முதலில் சொன்னேன், நீதான் எண்ணெய் பூசவைத்தாய் என்றும் சொல்லலாம். குனிந்து செம்மண் ஒட்டிய செருப்பைக் கழற்றினாள்.

ஆனந்தமேரி உள்ளே போய் வெள்ளை முக்காட்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தாள். மகன் போன பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை.

"எங்கம்மா போற?"

"சாமியாரப் பாக்க."

"எதுக்கு?"

அம்மா செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு தெருவில் இறங்கி, கோயில் இருக்கும் திசையில் வேகமாக நடந்தாள். புள்ளையின் பேரைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவர் காலில் விழப் போகிறாளா, எழுதிக் கொடுத்த பொய்யை அவரிடம் ஒப்புக்கொள்ளப் போகிறாளா என்று தெரியாமல், அப்பாவும் மகளும் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.